பறவைகள் குடிக்கும் நீரூற்றில் பாசி: கண்ணில் படுவதை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

தோட்டத்து நீரூற்றில் பச்சை படர ஆரம்பித்ததும் கை முதலில் தேடுவது பாசிக்கொல்லி மருந்தைத்தான். விற்பனையில் இருக்கும் அந்த மருந்துகளில் பெரும்பாலானவை குளத்துக்கும் நீச்சல் குளத்துக்குமானவை. அவ்வளவு தண்ணீரை இறைத்துக் கொட்ட முடியாது என்பதால், தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொண்டு பாசியைக் கொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் நீரூற்றில் இருப்பதோ 10 லிட்டர், மிஞ்சிப்போனால் 50 லிட்டர். கால் மணி நேரத்தில் காலி செய்துவிடலாம். இந்த வசதி கையில் இருக்கும்போது தண்ணீரில் மருந்து கலக்க அவசியமே இல்லை என்பதுதான் என் உறுதியான கருத்து. கீழே வரும் அறிகுறிகளுக்கான தீர்வுகள் பெரும்பாலும் பிரஷ், வாளி, நிழல் இந்த மூன்றில்தான் வந்து முடியும்.

இவ்வளவு கறாராகச் சொல்லக் காரணம் பறவைகள். ஒரு சிட்டுக்குருவியின் எடை 30 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். அதைவிடச் சின்னப் பறவைகள் பல 10 கிராம்கூட வராது. நமக்கு ஒன்றும் செய்யாத அளவு ரசாயனம் அந்த உடம்புக்குப் பெரிய அளவு. அவை அதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன, அதிலேயேதான் குளிக்கின்றன. குளித்து முடித்துக் கிளையில் உட்கார்ந்து ஒவ்வொரு இறகாக அலகில் இழுத்துக் கோதும்போது, இறகில் ஒட்டியிருப்பதும் வயிற்றுக்குள் போய்விடும். பெரும்பாலான பறவைகள் ஒரு வாய் அள்ளித் தலையைத் தூக்கி விழுங்கும். புறா அப்படியில்லை, அலகை முக்கியபடியே உறிஞ்சிக் குடிக்கும். தண்ணீரில் என்ன இருந்தாலும் அது அப்படியே உள்ளே போகிறது.

முதலில் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பாருங்கள்

பம்ப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆரம்பியுங்கள். தண்ணீருக்குள் கை விடும் முன் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீரை மொண்டு வெள்ளைச் சுவருக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தண்ணீரே பச்சையா, அல்லது தெளிந்த தண்ணீரில் துணுக்குகள் மிதக்கின்றனவா? பிறகு கிண்ணத்தின் உள்சுவரைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வழுக்குகிறதா, மாவு மாதிரி ஒட்டுகிறதா, தோல் மாதிரி உரிகிறதா, அசையவே இல்லையா? கடைசியாக முகர்ந்து பாருங்கள். நல்ல பச்சைப்பாசிக்குப் புல் வெட்டிய வாசனையை ஒத்த மெல்லிய வாடைதான் இருக்கும். மண்வாடை, பூஞ்சணம் பிடித்த வாடை, அழுகல் வாடை இவற்றில் எது வந்தாலும் அது வேறு கதை.

அறிகுறி: தண்ணீரே பச்சை, அடி தெரியவில்லை

தம்ளரில் எடுத்த தண்ணீர் ஒரு மணி நேரம் அசையாமல் வைத்த பிறகும் அதே பச்சையாக இருந்தால், இது தண்ணீரில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது, வடிகட்டிப் பஞ்சின் ஓட்டைகளில் சாவகாசமாக நுழைந்து வெளியே வந்துவிடும். வடிகட்டியை எத்தனை முறை கழுவினாலும் தண்ணீர் தெளியாததற்குக் காரணம் இதுதான்.

பலர் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்த இடத்தில் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். வெயிலும் சத்தும் கிடைத்தால் இந்த வகைப் பாசிகள் பலவும் ஒரே நாளில் இரண்டு மடங்காகப் பெருகிவிடும். பாதியை எடுத்துவிட்டீர்கள் என்றால் நாளைக்கே பழைய நிலைக்கு வந்துவிடும், உங்கள் உழைப்பு ஒரு நாளைக்குத்தான் செல்லும். முழுசாகக் காலி செய்து, துடைத்து, அடியில் தேங்கியதையும் பஞ்சால் ஒற்றி எடுத்தால் பாசி கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். ஆகவே பச்சைத் தண்ணீருக்குப் பாதி மாற்றம் உதவாது. முழுசாக மாற்றுங்கள்.

மாற்றிய பிறகு பார்க்க வேண்டியது வெயில். ஆழம் குறைந்த கிண்ணத்தில் வெளிச்சம் அடிவரை போகும், தண்ணீரும் சீக்கிரம் சூடாகும். காலை வெயில் பரவாயில்லை. உச்சி வெயில், அதாவது 11 மணியிலிருந்து 3 மணி வரை விழும் வெயில், தடுக்கப்பட்டால் பாதிப் பிரச்சினை குறையும். அதற்காக நீரூற்றை நேராக மரத்தடிக்கு நகர்த்தாதீர்கள். கிளையில் உட்காரும் பறவைகளின் எச்சமும் உதிரும் இலையும் தண்ணீரில் விழுந்து பாசிக்கு உரமாகும். அடர்ந்த புதரை ஒட்டியும் வைக்க வேண்டாம், பூனை பதுங்க வசதியான இடம் அது. புதரிலிருந்து 2, 3 மீட்டர் தள்ளி, நிழல்வலையோ சுவரோ மதிய வெயிலை மறைக்கும் இடம்தான் சரி.

குளங்களில் வெளிச்சத்தைத் தடுக்கப் போடும் நீல, கறுப்புச் சாயங்கள் இங்கே பயனற்றவை. 5 செ.மீ. ஆழத் தண்ணீரில் அந்தச் சாயம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? புற ஊதா விளக்கு பொருத்திய வடிகட்டி பச்சைத் தண்ணீருக்கு உண்மையிலேயே வேலை செய்யும். விளக்கு கூட்டுக்குள் மூடியிருப்பதால் பறவைக்கும் ஆபத்தில்லை. ஆனால் விளக்கைத் தாண்டி ஓடும் தண்ணீரில் இருக்கும் பாசியை மட்டும்தான் அது கொல்லும், சுவரில் ஒட்டியதைத் தொடாது. பெரிய அடித்தொட்டி உள்ள நீரூற்றுக்கு வாங்கலாம். சின்னக் கிண்ணத்துக்கு வீண் செலவு.

அறிகுறி: தண்ணீர் தெளிவு, சுவரெல்லாம் வழுக்கல்

எல்லா நீரூற்றிலும் வருவது இதுதான். கொஞ்சம் பச்சை வழுக்கல் பறவைக்கு எந்தக் கெடுதலும் செய்யாது, அதற்காகப் பதற வேண்டாம். ஆனால் கிண்ணத்தின் விளிம்பிலும் பறவைகள் கால் ஊன்றும் சரிவிலும் வழுக்கல் இருந்தால் அவை இறங்கத் தயங்கும். இறங்கிய சின்னப் பறவை சறுக்கி ஆழத்துக்குள் போய்விடவும் கூடும். ஆகவே தேய்க்கும்போது அந்தப் பகுதியில் இருந்து ஆரம்பியுங்கள்.

வெறும் தண்ணீரும் கெட்டியான நைலான் பிரஷ்ஷும் போதும். கம்பி பிரஷ் வேண்டாம். அது போடும் கீறல்களில் அடுத்த பாசி இன்னும் உறுதியாக வேர்விட்ட மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தேய்த்தபின் தண்ணீரை அப்படியே விட்டுவிடாதீர்கள். பிரஷ் போட்டதும் சுவரில் இருந்த பாசி தண்ணீருக்கு வருகிறது, அவ்வளவுதான். அதைக் கொட்டினால்தான் வேலை முடிந்தது. கொட்டும் தண்ணீர் செடிகளுக்கு நல்ல உரம்.

பிரஷ்ஷுக்கு அசையாத திட்டுகளுக்கு 3% ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல கருவி. தண்ணீரைக் காலி செய்துவிட்டு, திட்டின் மேல் ஊற்றி, நுரைத்து அடங்கும்வரை 10, 15 நிமிடம் விட்டுத் தேயுங்கள். இது கடைசியில் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடுவதால் ரசாயனம் எதுவும் மிஞ்சாது. இருந்தாலும் நன்றாக அலசிய பிறகே நிரப்புங்கள். செறிவு அதிகமான பெராக்சைடைத் தோட்டத்தில் கையாள வேண்டாம், தோலைச் சுடும்.

அறிகுறி: முடிபோல நீளமாகத் தொங்குகிறது

ஓடுகிற தண்ணீரில் பாசி பிடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இழைப்பாசி விஷயத்தில் அது நேர் எதிர். தண்ணீர் வழியும் விளிம்பிலும் பீச்சும் முனையிலும்தான் அது முதலில் பிடிக்கும், ஏனென்றால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் அதற்கு ஓட்டம் புதுப்புதுச் சத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது. பம்ப்பின் வேகத்தைக் கூட்டினால் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கையால் எடுப்பதுதான் இதற்கு முதல் வைத்தியம். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைத் தொங்கும் இழைகளில் விட்டு ஒரே பக்கமாகச் சுற்றுங்கள், இழைகள் பிரஷ்ஷில் சுருண்டு கொத்தாக வந்துவிடும். அறுத்து அறுத்து இழுத்தால் ஒவ்வொரு துண்டும் வேறு இடத்தில் ஒட்டி வளரும். எடுத்த இழையைத் தரையில் ஈரமாகப் போட்டுவிடாமல் உரக்குழிக்குக் கொண்டுபோங்கள். நீண்ட இழைக் கொத்துகள் சின்னப் பறவைகளின் கால் விரல்களில் சுற்றிக்கொள்ளக்கூடும், அதனால் இந்த ஒரு பாசியைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே எடுத்துவிடுவது நல்லது.

அறிகுறி: பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஏறவில்லை

பெரும்பாலும் மேலே சொன்ன இழைப்பாசியின் தொடர்ச்சி இது. பிளக்கைப் பிடுங்கி பம்ப்பை வெளியே எடுங்கள். முன்பக்க வலைமூடியைக் கழற்றினால் பஞ்சு இருக்கும், அதற்குப் பின்னால் சின்ன விசிறி, இம்பெல்லர். அதை இழுத்தால் காந்தத் தண்டோடு வெளியே வரும். தண்டின் அடியில் உற்றுப் பாருங்கள். நூல்கண்டு மாதிரி இறுகச் சுற்றிய பச்சை இழையும், அதற்குள் சிக்கிய மணலும், ஒரு துண்டு இறகும் அங்கே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பம்ப் சுத்தமாகத்தான் தெரியும். பழைய பல் பிரஷ்ஷால் தண்டையும் அது உட்காரும் குழியையும் தேய்த்து மாட்டினால் ஓட்டம் திரும்பிவிடும்.

அப்படியும் ஏறவில்லை என்றால் முனையின் ஓட்டைகளை ஊசியால் குத்திப் பாருங்கள், பிறகு டியூப்பை. டியூப் கண்ணாடி மாதிரி தெரியும் வகையாக இருந்தால் உள்ளே பாசி வளர்ந்து விட்டத்தையே குறைத்திருக்கும். அதைக் கழுவிக்கொண்டிருக்காமல் கறுப்பு டியூப்பாக மாற்றிவிடுங்கள். வெளிச்சம் புகாத டியூப்பில் பாசி வளராது. தண்ணீர் மட்டம் குறைந்து பம்ப் காற்றை உறிஞ்சுகிறதா என்பதையும் கவனியுங்கள். வறண்டு ஓடும் பம்ப் எரிந்துபோகும்.

அறிகுறி: பழுப்புப் படலம், சிவப்புக் கறை

புதிதாக வைத்த நீரூற்றில், அல்லது நிழல் அதிகமான இடத்தில், மாவு தூவியது மாதிரி பழுப்புப் படலம் வந்தால் அது டயட்டம் என்னும் நுண்பாசி. விரலால் தொட்டாலே கலையும். சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் பாசி அது, பறவைக்குத் தீங்கில்லை. துடைத்துக்கொண்டே வந்தால் பல நேரம் தானாகவே குறைந்துவிடும். விரலுக்குக் கலையாத பழுப்பு என்றால் இலைச்சாறு கறையோ தண்ணீரில் உள்ள இரும்போ காரணம், பாசியைத் தேடிப் பயனில்லை.

ஆழமில்லாத கிண்ணத்தில் செங்கல் நிறத்தில், சில சமயம் ரத்தச் சிவப்பில் கறை படிந்தால் பலர் பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஹீமடோகாக்கஸ் என்ற பச்சைப்பாசி. தண்ணீர் வற்றி வெயில் ஏறும்போது அது தன்னைக் காத்துக்கொள்ளக் கெட்டி உறை கட்டி, உள்ளே அஸ்டாக்சாந்தின் என்ற சிவப்பு நிறமியைச் சேர்த்துவைக்கும். சால்மன் மீனின் சதைக்கு நிறம் கொடுக்கும் அதே நிறமி. விஷமில்லை. ஆனால் அந்த உறை காய்ந்துபோவதைத் தாங்கும், மாதக்கணக்கில் காய்ந்த கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினாலும் மறுபடி உயிர் பெறும். வெயிலில் காயவைத்தால் போதும் என்ற வழக்கமான யோசனை இதற்குப் பலிக்காது, தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கிண்ணம் வற்றாமல் பார்த்துக்கொண்டாலே சிவப்பு வருவது குறையும்.

அறிகுறி: நீலப்பச்சைத் தோல், பெயின்ட் கொட்டியது மாதிரி ஆடை, கரும்புள்ளி, பூஞ்சண வாடை

இந்தப் பக்கத்தில் உடனே செயல்பட வேண்டிய அறிகுறி இதுதான். நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படும் சயனோபாக்டீரியா வகைகள் இப்படித் தெரியும். எல்லாமே விஷம் உண்டாக்குவதில்லை. உண்டாக்குபவை கல்லீரலையும் நரம்பையும் தாக்கும் நச்சுகளை உண்டாக்குகின்றன, பறவைகளும் நாய்களும் அதைக் குடித்து இறந்ததுண்டு. எது விஷமுள்ளது, எது இல்லாதது என்று கண்ணால் சொல்ல வழியில்லை. எனவே எல்லாவற்றையும் விஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகம் தீர ஒரு குச்சியால் தூக்கிப் பாருங்கள். நூல்நூலாகக் குச்சியில் தொங்கினால் பெரும்பாலும் சாதாரண இழைப்பாசி. கொழகொழவென்று உடைந்து விழுந்தாலோ, பெயின்ட் மாதிரி குச்சியில் பூசிக்கொண்டாலோ சந்தேகம் உறுதியாகிறது. இன்னொன்று, ஒரு பாட்டிலில் பிடித்து ஓரிரவு அசையாமல் வைத்தால் மிதக்கும் வகை சயனோபாக்டீரியா மேலே வந்து ஆடையாக நிற்கும், பச்சைப்பாசி பெரும்பாலும் அடியில் படியும்.

பறவைகள் இறங்காதபடி முதலில் நீரூற்றை ஒரு துணியாலோ தார்ப்பாயாலோ மூடுங்கள். நாய், குழந்தைகளை அருகே விடாதீர்கள். பம்ப்பை நிறுத்துங்கள். கையுறையோடு வாளியால் மொண்டு, குளமோ ஓடையோ சேராத மண்ணில், விலங்குகள் நக்காத இடத்தில் ஊற்றுங்கள். அழுத்த நீர் பீச்சி வேண்டாம், அது கிளப்பும் சாரலை நீங்கள் மூச்சில் இழுப்பீர்கள்.

பாசிக்கொல்லி போடவே கூடாத நேரமும் இதுதான். மருந்து பட்டுச் செல்கள் உடையும்போது உள்ளே இருந்த நச்சு மொத்தமாகத் தண்ணீரில் கலக்கிறது. பாசி மறைந்து தெளிவாகத் தெரியும் தண்ணீர், முன்பைவிட மோசமான தண்ணீராக இருக்கும். காலி செய்துவிட்டு, கீழே சொல்லும் பிளீச் கழுவலைச் செய்யுங்கள்.

பிளீச் கழுவல், சரியான முறையில்

இது காலிக் கிண்ணத்துக்கு மட்டும். தண்ணீர் ஓடும் நீரூற்றில் பிளீச் ஊற்றுவது எந்த அளவிலும் கூடாது.

முதலில் எச்சத்தையும் சேற்றையும் நனைத்து, வெறும் தண்ணீரில் தேய்த்து அகற்றுங்கள். காய்ந்த எச்சத்தைச் சுரண்டினால் எழும் தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல, எச்சத்தின் மேல் நேராக பிளீச் விட்டால் கண்ணெரிக்கும் வாயு கிளம்பும். அதோடு, அழுக்கு இருக்கும்வரை பிளீச் அழுக்கோடு மல்லுக்கட்டியே வீரியம் இழக்கும். பிறகு ஒரு பங்கு வீட்டு உபயோகத் திரவ பிளீச்சுக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து, உள்சுவரிலும், கழற்றிய பம்ப் பாகங்களிலும், டியூப்பின் உள்ளும் படும்படி 10 நிமிடம் வைத்துத் தேயுங்கள். பிளீச்சிங் பவுடருக்கு இந்த விகிதம் பொருந்தாது, அது சுண்ணாம்புப் படிவையும் விட்டுச்செல்லும். வாடை அறவே போகும்வரை பலமுறை அலசுங்கள். அலசிய பிறகு வெயிலில் முழுசாகக் காயவிடுங்கள், மிச்சமிருக்கும் குளோரின் அதில் சிதைந்துபோகும். பிளீச் ஊறும் நேரம் முழுவதும் கிண்ணம் மூடியிருக்கட்டும், தண்ணீர் என்று நினைத்துத் தாகத்தோடு வரும் பறவைக்கு வித்தியாசம் தெரியாது.

பிளீச்சையும் வினிகரையும் ஒரே நாளில், ஒரே பாத்திரத்தில் பயன்படுத்தாதீர்கள், பக்கத்தில்கூட வைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும்.

தண்ணீரில் போடக் கூடாதவை

செம்புக் காசு போட்டால் பாசி வராது என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். செம்பு அயனி பாசியைக் கொல்லும் என்பது உண்மைதான், மயில்துத்தம் என்ற காப்பர் சல்பேட்டும் அதனால்தான் பாசிக்கொல்லி ஆனது. காசிலிருந்து எவ்வளவு கரைகிறது என்பது தண்ணீரின் புளிப்புத் தன்மையைப் பொறுத்து மாறும், நீங்கள் அளக்க முடியாது. கரைவது குறைவு என்றால் பாசிக்கு ஒன்றும் ஆகாது. பாசியைக் கொல்லும் அளவுக்குக் கரைந்தால், அந்தச் செம்பு தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறிவாகி, அளவு தெரியாமல் பறவையின் வயிற்றுக்குப் போகிறது. இரண்டு வகையிலும் நமக்கு ஆதாயமில்லை.

உப்பு வேண்டாம். கடற்பறவைகளுக்கு மிகை உப்பை வெளியேற்றும் சுரப்பி உண்டு. தோட்டத்துக்கு வரும் சிறு பறவைகளுக்கு அது கிடையாது.

பாத்திர சோப்பு, டிடர்ஜென்ட் எதையும் கழுவலுக்குக்கூடப் பயன்படுத்தாமல் இருப்பது உத்தமம். இறகின் மெல்லிய கிளைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டுதான் தண்ணீரைத் தடுக்கின்றன. வாலடிச் சுரப்பியின் எண்ணெயை அலகால் தடவி அவற்றைப் பறவை பராமரிக்கிறது. சோப்பு அந்த எண்ணெயைக் கரைத்துவிடும், நனைந்த பறவைக்கு உடல் சூடு நிற்காது. கொசுவுக்கு மண்ணெண்ணெயோ வேறு எண்ணெயோ ஊற்றுவது இதைவிடக் கொடுமை. இறகில் எண்ணெய் பட்ட பறவை அதைக் கோதிக் கோதியே விழுங்கும். கொசுப்புழுதான் கவலை என்றால் 2, 3 நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றினாலே போதும், முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரமாவது வேண்டும். பெரிய அடித்தொட்டியாக இருந்தால் கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. (Bti) என்ற பாக்டீரியா வில்லைகள் போடலாம். அவை பறவைகளுக்குப் பாதுகாப்பானவை, கொசுப்புழுவின் குடலைத்தான் தாக்கும்.

பார்லி வைக்கோல், நொதி மருந்து இவற்றைப் பற்றியும் கேட்கிறார்கள். பார்லி வைக்கோல் இருக்கிற பாசியைக் கொல்லாது. அது மட்கும்போது வெளிவருபவை புதுப்பாசி வளர்வதைக் கொஞ்சம் தடுக்கலாம், அதற்கும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பலனும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சேற்றைத் தின்னும் பாக்டீரியா, நொதி வகைகள் பொதுவாகப் பறவைகளுக்குக் கெடுதல் இல்லாதவை. ஆனால் அவை நிலைகொள்ளத் தண்ணீர் பல நாள் அப்படியே இருக்க வேண்டும், நாமோ அடிக்கடி கொட்டச் சொல்கிறோம். கிண்ண நீரூற்றுக்கு இரண்டும் பொருந்தி வருவதில்லை.

அறிகுறி: நுரை, வெள்ளை அடை

குமிழி தட்டி உடனே உடையும் நுரை ஒன்றும் செய்யாது. உடையாமல் ஓரத்தில் அடையாக நிற்கும் நுரை என்றால் தண்ணீரில் எச்சம், அழுகிய இலை போன்ற கரிமப் பொருள் மிகுந்துவிட்டது. முழுசாக மாற்றுங்கள். மாற்றிய பிறகும் நுரைத்தால் யாரோ சோப்பு போட்டுக் கழுவியிருக்கிறார்கள், நுரை நிற்கும்வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும்.

விளிம்பில் படியும் வெள்ளை அடை உப்புத்தண்ணீரின் சுண்ணாம்பு. பிசின் (ரெசின்), கண்ணாடி, பீங்கான் கிண்ணமாக இருந்தால் வினிகரில் துணியை நனைத்து ஒட்டிவைத்துத் தேய்த்தால் வரும். பளிங்கு, சுண்ணாம்புக்கல், சிமென்ட் என்றால் வினிகர் கல்லையே அரித்துவிடும், அங்கே பிரஷ் மட்டும்.

அறிகுறி: கழுவி மூன்றே நாளில் மறுபடி பச்சை

பாசிக்கு வேண்டியது வெளிச்சம், சத்து, ஒட்டிக்கொள்ள இடம். மூன்றில் எதை விட்டுவைத்தீர்கள் என்று தேடுங்கள்.

கிண்ணத்தைப் பளிச்சென்று தேய்த்துவிட்டு பம்ப்பையும் டியூப்பையும் அடித்தொட்டியையும் தொடாமல் விடுவது வழக்கம். பிளக்கைப் போட்ட முதல் நிமிடமே அங்கே இருந்த பாசி கிண்ணம் முழுக்கத் தூவப்படுகிறது. அலங்காரக் கூழாங்கற்களும் அப்படித்தான். அடுக்கின் அடிக்கல் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பாருங்கள், கறுப்பும் பச்சையுமாக எச்சச் சேறு பூசியிருக்கும். கற்களை வாளியில் கொட்டிக் கழுவுங்கள், முடிந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள். அடித்தொட்டிக்கு வெளிச்சம் புகாத மூடி போடுங்கள்.

அடுத்தது சத்து. தீனித்தட்டு நீரூற்றுக்கு மேலேயோ பக்கத்திலேயோ இருந்தால் தானிய உமியும் எச்சமும் நேராகத் தண்ணீரில். தள்ளி வையுங்கள். பக்கத்துச் செடிகளுக்குப் போடும் உரம் மழையில் வழிந்து வருகிறதா, தொட்டிச்செடியின் வடிநீர் கிண்ணத்தில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

பலர் கவனிக்காத காரணம் ஒன்று இருக்கிறது, அது வற்றிய அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டே இருப்பது. ஆவியாகப் போவது தூய நீர் மட்டும், அதில் கரைந்த உப்பும், பாசிக்குச் சத்தான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிண்ணத்திலேயே தங்கும். 20 லிட்டர் நீரூற்றில் நாளுக்கு 3 லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் 90 லிட்டர் ஊற்றியிருப்பீர்கள். முதலில் இருந்த 20 லிட்டரோடு சேர்த்து 110 லிட்டர் தண்ணீரின் உப்பு இப்போது 20 லிட்டரில் இருக்கிறது, ஐந்தரை மடங்கு. பறவைகள் போட்ட எச்சம் இந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. சின்னக் கிண்ணத்தை வெயில் காலத்தில் 2, 3 நாளுக்கு ஒரு முறையும், அடித்தொட்டி உள்ளதை வாரம் ஒரு முறையும் முழுசாகக் காலி செய்யுங்கள். பம்ப்பை மாதம் ஒரு முறை கழற்றுங்கள். வெளியூர் போவதாக இருந்தால் தண்ணீரைத் தேங்கவிடாமல் காலி செய்து கவிழ்த்துவிட்டுப் போங்கள்.

அறிகுறி: பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு நீரூற்று ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறது

இதைப் பாசியோடு சேர்த்து எழுதக் காரணம், எச்சம் சேர்ந்து பாசி பிடித்த கிண்ணம்தான் நோய் பரவும் கிண்ணமும். இறகு உப்பிப்போய், ஆள் நெருங்கினாலும் பறக்காமல், விழுங்க முடியாமல், அலகைச் சுற்றி ஈரமாக ஒரு பறவை இருந்தால் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றாக இருக்கலாம். புறா இனங்களில் இது அதிகம், குடிக்கும் தண்ணீர் வழியாக மற்றவற்றுக்குப் பரவும். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவும் எச்சம் கலந்த தண்ணீரில் பரவக்கூடியது.

நோயுற்ற பறவையையோ, செத்த பறவையையோ பார்த்த அன்றே நீரூற்றைக் காலி செய்து பிளீச் கழுவலைச் செய்யுங்கள். பிறகு குறைந்தது 2 வாரம் காலியாகவும் உலர்ந்தும் வைத்திருங்கள், தீனித்தட்டையும் எடுத்துவிடுங்கள். தாகத்தோடு வரும் பறவைகளைத் திருப்பி அனுப்புவது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே கிண்ணத்தில் கூட்டமாகக் குடிப்பதுதான் தொற்றைப் பரப்புகிறது. அவை கலைந்து போனால் பரவலும் குறையும். டிரைக்கோமோனாஸ் காய்ந்துபோவதைத் தாங்காது என்பதால் உலர்வுதான் இங்கே பெரிய மருந்து. கையுறையையும் பிரஷ்ஷையும் இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளுங்கள், சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவாதீர்கள்.

மறுபடி நிரப்பும்போது பறவை நிற்கும் இடத்தில் ஆழம் 2.5 செ.மீ.யில் ஆரம்பித்து 5 செ.மீ.யைத் தாண்டாமல் இருக்கட்டும். ஆழம் அதிகமான கிண்ணமாக இருந்தால் சொரசொரப்பான தட்டைக்கல் ஒன்றைப் போட்டு மட்டத்தை உயர்த்துங்கள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அந்தக் கல்லையும் எடுத்து அடிப்பக்கத்தைத் தேய்த்துவிடுங்கள்.